இரட்டைக்கல்லில் மத்தியானத்துக்குப் பிறகு

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
6 மார்ச் 1994

அன்புள்ள தம்பி ராசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அத்தானும் ஆரணியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. உன் இடுப்பு நோ இப்போது எப்படி? நீ வேலை செய்கிற வீட்டுக் கிழவியைத் தூக்கி இருத்துகிற வேலையை இன்னும் நீதான் செய்கிறாயா? கத்தரினையும் சுகம் விசாரித்ததாகச் சொல்லு.

ஒரு சந்தோஷமான செய்தி. வருகிற ஆகஸ்டில் நாங்கள் மூன்று பேரும் பலெர்மோவுக்கு வருகிறோம். அத்தானுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரண்டு கிழமை லீவு கிடைத்துவிட்டது. நீ இங்கே வர விசா தருகிறார்களில்லை. இனியும் தருவார்கள் என்று காத்திருந்து பயனில்லை. நான் லண்டனுக்கு வந்தபோது உனக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. பதினைந்து வருசம் போய்விட்டது. ஆரணிக்குப் பதின்மூன்று வயதாகிறது, மாமாவைப் படத்தில்தான் தெரியும்.

அவள்தான் இந்தப் பயணத்துக்கு முக்கிய காரணம். நீச்சல் தடாகத்தில் நானூறு மீற்றர் நிற்காமல் நீந்தி பட்ஜ் வாங்கியிருக்கிறாள். எங்கள் பரம்பரையில் நீந்தத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அத்தான் முழங்கால் தண்ணீரிலேயே சாமியைக் கூப்பிடுகிற ஆள். அவளுக்கு இப்போது கடலில் நீந்த வேண்டுமாம், அதுவும் அடித்தரை தெரிகிற கடலில். லைப்ரரியில் சிசிலியைப் பற்றிப் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். முழுக்கத் தேவாலயங்கள், குளிக்கிற இடம் ஒன்றும் இல்லை. எந்தக் கடற்கரை நல்லது, எங்கே ஆழம் குறைவு, எங்கே சனம் குறைவு, உடுப்பு மாற்ற மறைவு உண்டா என்று விபரமாக எழுது.

அம்மாவின் கடிதம் கொழும்பு சுற்றித் தை மாதம் வந்தது. மானிப்பாயில் சுகமாக இருக்கிறாவாம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அக்கா சிவகௌரி


பலெர்மோ
2 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பத்தொன்பது நாள் எடுத்து வந்து சேர்ந்தது. இந்த நாட்டுத் தபால்காரர் லண்டனிலிருந்து நடந்து வருகிறார் போலிருக்கிறது. என் இடுப்பு பரவாயில்லை. நீங்கள் வருகிற செய்தியைக் கேட்ட அன்றே கத்தரின் வீட்டைக் கழுவத் தொடங்கிவிட்டாள். அத்தானுக்கும் மருமகளுக்கும் எங்கள் அன்பு.

கடலைப் பற்றிக் கேட்டீர்கள். நகரத்துக்குள்ளேயே கடற்கரை வீதி ஒன்று உண்டு. அங்கே காற்று வாங்கலாம், கால் நனைக்கக் கூடாது, தண்ணீர் அவ்வளவு அழுக்கு. எல்லாரும் போகிற இடம் மொண்டெல்லோ. பஸ் நேரே போகும். மா மாதிரி வெள்ளை மணல், வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அத்தானுக்கு அதுதான் சரி. ஆனால் ஆகஸ்டில் மணலைக் காண முடியாது, சனத்தைத்தான் காணலாம். உடுப்பு மாற்றுகிற மரக்கூடுகளைப் பணக்காரர் கோடை முழுவதற்கும் வாடகைக்கு எடுத்துவிடுவார்கள். அதைத் தாண்டி அட்டவுரா, முழுக்கப் பாறை. இளம் பெடியள் மேலிருந்து குதிப்பார்கள், எங்களுக்குச் சரிவராது. ஸ்பெராகவாலோ மீனவர் ஊர், குளிப்பதைவிடச் சாப்பிட நல்லது. ரயிலில் ஒரு மணித்தியாலம் போனால் செபலு. மலையடியில் நல்ல மணற்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாய்ப் போவோம்.

ஆரணி கேட்கிற மாதிரி அடித்தரை தெரிகிற தண்ணீர் ஓரிடத்தில் உண்டு. மேற்குப் பக்கம் பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். சிறிய குடா, வாயில் இரண்டு பாறை. இங்குள்ள பெயர் எனக்குத் தெரியாது, எங்கள் ஆட்கள் இரட்டைக்கல் என்பார்கள். சனமே இல்லை. பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

மிச்சத்தைக் கத்தரின் எழுத வேண்டுமாம்.

அன்புத் தம்பி
இராஜேந்திரன்

மச்சாளுக்கு, கத்தரின் எழுதுகிறேன். கண்டதில்லை என்றாலும் உங்களை எனக்கு நன்றாகத் தெரியும், இவர் எந்நேரமும் அக்கா கதைதான். இரட்டைக்கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் அது குளம் மாதிரி. மத்தியானம் கழிந்து மேல்காற்று எழும்பினால் தண்ணீர் இரண்டு கல்லுக்கும் நடுவால் வெளியே இழுக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அலைகூட இருக்காது. நான் பாசையூரில் கடலோடு வளர்ந்தவள். இங்கே வந்த வருசம் அந்த இழுவையைக் கண்ணாலும் கண்டேன். மத்தியானத்துக்குப் பிறகு அங்கே பிள்ளையை இறக்க வேண்டாம். காலையில் நானே கூட்டிப் போகிறேன்.


ரெய்னர்ஸ் லேன்
8 மே 1994

அன்புள்ள ராசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம். ஆரணி அதைத் தனக்கு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரட்டைக்கல் என்ற சொல்லைச் சொல்லத் தெரியாமல் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ரிக்கற் எடுத்துவிட்டோம். ஆகஸ்ட் பத்தாம் திகதி வந்து இறங்குவோம்.

கத்தரின் எழுதியதையும் வாசித்தேன். கடற்கரைச் சனத்துக்குக் கடலைப் பற்றி எப்போதும் ஒரு பயங்கரக் கதை இருக்கும். அக்கறைக்கு நன்றி என்று சொல்லு. அந்தப் பகுதியை அத்தானுக்கு வாசித்துக் காட்டவில்லை. கேட்டால் மனுசன் ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்று. சமையலுக்கு அவ கஷ்டப்பட வேண்டாம். தூள் நான் கொண்டு வருகிறேன், நாங்கள் நிற்கிற நாட்களில் நானே சமைப்பேன். படுக்கை விரிப்பும் கொண்டு வருவோம். வித்தியாசமாக நினைக்காதே, அத்தானுக்கு வேறு இடத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது.

அம்மாவுக்கு நாங்கள் போவதை எழுதியிருக்கிறேன்.

அன்புடன்
அக்கா


பலெர்மோ
20 செப்டம்பர் 1994

அக்கா,

சுகமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் போய் ஒரு மாதமாகிறது. செத்தவீட்டுக்கு வருவதற்கென்று விசா கேட்டேன். கடிதம் கொண்டுவா, அத்தாட்சி கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லாம் கொண்டுபோன போது எரித்து ஐந்து நாளாகிவிட்டது. மருமகளுக்கு ஒரு பிடி அரிசி போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு லீவு கிடைத்திருந்தால் என்றுதான் இரவும் பகலும் நினைக்கிறேன். நாங்கள் வேலை செய்கிற சினியோரா வீட்டில் மாதா பெருநாள் விருந்தாளிகள் நின்றார்கள். நானும் கத்தரினும் பரிமாறிக்கொண்டு நின்றோம். நாலரை மணிக்குப் பொலிஸ் வந்து வாசலில் என் பெயரைச் சொன்னபோது, விசாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் மொண்டெல்லோவில் நிற்கிறீர்கள் என்றே எண்ணியிருந்தோம். அவளைக் கரைக்குக் கொண்டுவந்த மீனவர் நேற்று என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார், கோப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஆரணியின் துவாய் இங்கே இருக்கிறது. அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு சொல் எழுதுங்கள். போன் எடுத்தால் அத்தான் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

தம்பி ராசன்


பலெர்மோ
4 டிசம்பர் 1994

அன்புள்ள அக்கா,

மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதிலில்லை. உங்கள் போன் நம்பரும் மாறிவிட்டது. சாப்பிடுகிறீர்களா, வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்களா என்று மட்டும் யாரிடமாவது சொல்லி விடுங்கள். கத்தரின் ஒவ்வொரு காலையும் பூசைக்குப் போய் உங்கள் பிள்ளைக்காக மெழுகுதிரி ஏற்றுகிறாள்.

ராசன்


ரெய்னர்ஸ் லேன்
22 ஜனவரி 1995

இராஜேந்திரனுக்கு,

அத்தான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன். முன்னால்தான் இருக்கிறார்.

அந்த இடத்தில் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் இழுக்கும் என்பது அங்குள்ளவர்களுக்கு எல்லாம் தெரியுமாம். இத்தாலிப் பொலிஸ் அறிக்கையை ஹவுன்ஸ்லோவில் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாசித்தோம். மீனவர் சாட்சி சொல்லியிருக்கிறார். உனக்கும் உன் மனைவிக்கும் அது தெரியுமா என்று அத்தான் கேட்கிறார். தெரிந்திருந்தால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்கிறார். அவ கடலில் பிறந்து வளர்ந்தவ. ஞாயிற்றுக்கிழமை அதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவ. ஒரு பச்சைப் பிள்ளையை இறக்குகிறோம் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது எப்படி என்று கேட்கிறார்.

ஓம் அல்லது இல்லை என்று பதில் எழுதட்டாம். அதற்குப் பிறகு எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து வேண்டாமாம்.

சிவகௌரி


பலெர்மோ
19 பெப்ரவரி 1995

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் ஓம். எங்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்லவில்லை. மறந்துவிட்டோம். நீங்கள் மொண்டெல்லோவுக்குத்தான் போவீர்கள் என்று நினைத்து அசண்டையாக இருந்துவிட்டோம். கத்தரினும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அக்காவுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அக்காவைக் கவனமாகப் பாருங்கள். அவவுக்கு உங்களை விட்டால் அங்கே ஒருவரும் இல்லை.

இராஜேந்திரன்


பலெர்மோ
11 ஜூன் 1995

மச்சாளுக்கு,

கத்தரின் எழுதுகிறேன். இதைக் கொண்டு வருகிறவர் எங்கள் கோயில் பெனடிக்ற்றின் மனைவி, லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்கு வருகிறா. நீங்கள் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு வந்து உங்கள் கையில் மட்டும் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். அத்தான் இதைப் பார்க்க மாட்டார், பயப்பட வேண்டாம்.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று நான் இப்போதும் செபிக்கிறேன். நான் சுகமில்லை.

இவர் மாசி மாதம் அத்தானுக்கு எழுதிய கடிதம் எனக்குத் தெரியாது. அத்தான் அதைப் பிரதி எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். பாரிசிலிருந்து ஒன்று திரும்பி எங்கள் கோயிலுக்கு வந்தது. பூசை முடிந்து நான் நடந்தால் சனம் கதையை நிற்பாட்டுகிறது. உங்கள் அம்மா மானிப்பாயிலிருந்து எழுதியிருக்கிறா. அவ எழுதிய சொல்லை நான் திருப்பி எழுதவில்லை. என் ஆட்களைச் சொல்கிற சொல்தான், உங்களுக்குத் தெரியும். அந்தச் சாதியாள் என் பேத்தியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தா.

நான் இவரிடம் கேட்டேன். “நான் எழுதினனான், நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள், உறையை ஒட்டினதும் நீங்கள். ஏன் இப்பிடிச் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன். “அக்கா அதைத் தாங்கமாட்டா. அத்தானுக்குத் தெரிஞ்சா அவவை வீட்டிலை வைக்கமாட்டார். நீ பலமான ஆள், உனக்கு ஏலும்,” என்றார்.

எனக்கு ஏலாது மச்சாள். அவர் தன் பழியை மட்டும் ஏற்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். என்னைக் கேளாமல் என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். சித்திரையில் நான் வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டேன். சண்டை பிடிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நான் எழுதினேன். நீங்கள் வாசித்தீர்கள். வாசித்தேன் என்று மே மாதம் நீங்களே எழுதினீர்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு எல்லாரையும் கரைக்கு ஏற்றிவிட்டு ஏன் என்றும் உங்களிடம் சொன்னேன். இதை அத்தானுக்கு எழுதப் போவதில்லை. எழுதி எனக்கு என்ன வரப்போகிறது, ஆரணி வரப்போகிறாளா? எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆளாவது என் முகத்தைப் பார்த்தால் உண்மையை நினைக்க வேண்டும்.

கத்தரின்


ரெய்னர்ஸ் லேன்
3 டிசம்பர் 1995

கத்தரினுக்கு,

நீர் சுகமாக இருக்கிறீரா என்று கேட்கிறேன். இதுவரை உம்மை நான் ஒருமுறையும் நேரே கேட்டதில்லை, தம்பியிடம்தான் சொல்லிவிட்டேன். எழுத ஐந்து மாதம் எடுத்துவிட்டது. உம்முடைய கடிதத்தை அன்றைக்கே மருந்துக்கடைக் கழிவறையில் வைத்து வாசித்தேன்.

நீர் எழுதியது எல்லாம் உண்மை. உமக்குத் தெரியாததும் இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீர், “இனிக் காணும் மச்சாள், காத்து மாறுது,” என்றீர். ஏன் ஏறச் சொல்கிறா என்று தள்ளி நின்ற உம்முடைய அத்தான் என்னைக் கேட்டார். உமக்குச் சமைக்க நேரமாகிவிட்டதாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. உம்மைப் பெரிய ஆளாக்க எனக்கு விருப்பமில்லை போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை முதலில் மொண்டெல்லோவுக்குத்தான் போனோம். துவாய் விரிக்க இடமில்லை. சீலையோடு நின்ற என்னையே சனம் பார்த்தது. ஆரணி இரட்டைக்கல்லுக்குப் போவோம் என்று ஆசைப்பட்டாள், பிறகு தானே நின்றுவிட்டாள். “இல்லையம்மா, லஞ்சுக்குப் பிறகு வேண்டாமெண்டு மாமி சொன்னவ,” என்றாள். நீர் அவளுக்கும் சொல்லியிருந்தீர். நான் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். “மாமி மீன்பிடிகாரற்றை ஆள். அவைக்கு எல்லாத்துக்கும் பயம். வா, போவம்,” என்றேன். அவர் பஸ் நேரம் பார்க்கப் போயிருந்தார். வந்ததும், பின்னேரத்தில் அங்கே பரவாயில்லையோ என்று கேட்டார். கடலுக்குக் காலை என்ன பின்னேரம் என்ன என்று சிரித்தேன். ஆரணி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தகப்பனுக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்காத பிள்ளை.

அதற்குப் பிறகு ஒரு வருசம் அவர் உம்மைத் திட்டத் திட்ட நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பியின் கடிதம் வந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன், நித்திரையும் கொண்டேன்.

ஆகஸ்டில் ஆரணிக்கு ஒரு வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் செய்தோம். வந்த சனத்துக்கு அவர் உம்முடைய கதையைச் சொன்னார். அம்மா எழுதிய அந்தச் சொல்லையும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் வடை பரிமாறிக்கொண்டு நின்றேன். அவர் வளர்ந்த வீட்டில் அந்தச் சொல் புழங்கவில்லை, எங்கள் வீட்டில்தான் புழங்கியது. என் வாயிலிருந்துதான் அவர் எடுத்தார். சனம் போன பிறகு சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. இன்னொருமுறை சொல்லு என்றார். பிறகு, ஆரணி என்ன சொன்னவள், அவளுடைய சொல்லிலேயே சொல்லு என்றார். மூன்று தரம் சொல்ல வைத்தார். எழும்பிப் போய் வந்த ஆட்கள் குடித்த கோப்பைகளை எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கினார். அன்றிலிருந்து ஆரணியின் அறையில் படுக்கிறார். சமைத்து வைத்தால் சாப்பிடுகிறார். பால் முடிந்துவிட்டது, கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்ற அளவில்தான் கதை. போ என்று சொல்லவில்லை. சொன்னால் போயிருப்பேன்.

பிரதி அனுப்பிய இடங்களுக்கெல்லாம் நானே எழுதிவிட்டேன். பாரிசுக்கும் உம்முடைய கோயில் சுவாமிக்கும் எழுதினேன். அம்மாவுக்கு எழுத முடியவில்லை. ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டுப் போனதாம். சாவகச்சேரிப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் இருக்கிறாவாம், இல்லை வன்னிக்குப் போய்விட்டாவாம். எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. உம்மைப் பிழையாக நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவா என்று பயமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீர் ஏதாவது பதில் சொல்ல வேண்டி வரும்.

சிவகௌரி


ரெய்னர்ஸ் லேன்
18 பெப்ரவரி 1996

தங்கச்சி கத்தரினுக்கு,

யோகராஜா எழுதுகிறேன். ஆரணியின் அப்பா. உமக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல்தரம். பன்னிரண்டு நாள் உம்முடைய வீட்டில் தங்கி, உம்முடைய கையால் ஒருவேளைகூடச் சாப்பிடவில்லை. சாப்பிட்டிருக்கலாம்.

உம்மைப் பற்றி நான் சொன்னவற்றைத் திருப்பி எடுக்க முடியாது. சொன்ன ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பிழை என்று சொல்லிவருகிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலருக்கு முதல் கதைதான் பிடித்திருக்கிறது.

இவவை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருசம் உம்மை வெறுத்தேன். அதை எடுத்து இன்னொருவர் மேல் வைக்க எனக்கு வலுவில்லை.

உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும். கடல் தெரிந்தவர் நீர் ஒருவர்தான். நான் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன், அதற்கு மேல் எனக்குப் போகத் தெரியாது. அவள் இரண்டு கல்லுக்கும் நடுவில். “இஞ்சை வா பிள்ளை, அப்பாட்டை வா,” என்று கை நீட்டிக் கூப்பிட்டேன். அவளும் என்னைப் பார்த்தபடி நேரே என்னிடம்தான் நீந்தினாள். நன்றாக நீந்தினாள். ஆனால் கிட்ட வரவேயில்லை. கால் மணித்தியாலம் இருக்கும். நான் வேறு ஏதாவது செய்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கலாமா? உள்ளதைச் சொல்லும். நான் தாங்குவேன்.

ராசனையும் விசாரித்ததாகச் சொல்லும்.

யோகராஜா


பலெர்மோ
24 மார்ச் 1996

மச்சாளுக்கு,

இதையும் மருந்துக்கடை விலாசத்துக்கே போடுகிறேன். நான் இருக்கிறேன். ராசன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போகிறார். கதைக்கிறோம். திரும்பி வா என்று அவரும் கேட்கவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவைப் பற்றி வவுனியாப் பங்குச் சுவாமியார் மூலம் விசாரித்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

அத்தான் எனக்கு எழுதிய கடிதம் உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. தான் வேறு ஏதாவது செய்திருந்தால் ஆரணியைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நேற்றுப் பதில் போட்டேன். அந்த இழுவையில் அகப்பட்டால் எங்கள் ஊர்ப் படகோட்டிகளே தப்பமாட்டார்கள், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, நீங்கள் முன்னால் நின்று கூப்பிட்டபடியால்தான் பிள்ளை பயப்படாமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனாள் என்று எழுதினேன்.

அது பொய்.

அந்த இழுவை நாலைந்து பாகம், ஏழெட்டு மீற்றர், அகலம்தான் இருக்கும். அதற்கு எதிரே நேராக நீந்தினால் எந்தப் பெரிய ஆளும் களைத்துப் போவான். பக்கமாகத் திரும்பிப் பத்து இருபது கை போட்டால் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அசையாது, அங்கே பிடித்துக்கொண்டு நிற்கலாம். நானூறு மீற்றர் நீந்துகிற பிள்ளைக்கு அது பெரிய காரியமில்லை. கால் மணித்தியாலம் தாக்குப்பிடித்திருக்கிறாள், அவ்வளவு பலம் அவளிடம் இருந்தது. தகப்பன் கூப்பிடாமல் இருந்திருந்தால் தானாகவே ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பாள். அவர் நேரே நின்று கூப்பிட்டார், அவள் நேரே நீந்தினாள்.

உங்களை வருத்துவதற்காக இதை எழுதவில்லை. என் பதில் அவருக்குப் போதாது. இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வருசம் அவர் அதே கேள்வியை உங்களிடம் கேட்பார். கத்தரின் உனக்கு ஏதாவது எழுதினவளோ என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார். உங்களுக்கு விசயம் தெரியாமல் இருந்தால் நீங்களும் யோசிக்கத் தொடங்குவீர்கள், யாரையாவது விசாரிப்பீர்கள், யாராவது நீச்சல் தெரிந்தவன் வாய் தவறிச் சொல்லிவிடுவான். அதுதான் முதலே சொல்லி வைக்கிறேன். எங்கள் இரண்டு பேருடைய பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த மனுசன் தாங்குவேன் என்று எழுதியிருக்கிறார். தாங்கமாட்டார்.

நீங்கள் செய்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. அதைப் பற்றி இன்னும் என் மனம் ஒன்றும் சொல்லவில்லை.

வாசித்ததும் இதைக் கிழித்துப் போடுங்கள். அவர் கேட்கிற அன்று குனிந்துகொண்டு சொல்லாதீர்கள், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பொய் சொல்ல உங்களுக்குத் தெரியும் மச்சாள். இந்தமுறை அவருக்காகச் சொல்லுங்கள்.

கத்தரின்